மக்கரோனிக்குச் சுக்கு

பிரபுதாஸ் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து பல மாதம் ஆகியும் தேவசுந்தரிக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த மனுஷன் எதைப் போட்டாலும் ஒரே மாதிரி தின்றான். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் வைத்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து கோழி அடித்துக் குழம்பு வைத்தாலும் சரி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் வாளியில் மட்டையை முக்கி எடுப்பதுபோல ஒரே நிதானத்தில் கை போகும், வரும். நல்லா இருக்கிறதா என்று கேட்டால் "ஆங், நல்லா கீது" என்பான். உப்புப் போட மறந்த ஒருநாள் மட்டும் தலையைத் தூக்கி, "உப்பு இல்லமே" என்றான். ஆகவே நாக்கு செத்துப் போகவில்லை. பிறகு என்னதான் கேடு?

அதே ஆள், போய்வந்த ஊர்களின் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாறிப்போவான். சண்டைக்குப் போனவன்தான், ஆனால் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. லாரிப் படைக்குச் சமைத்துப் போட்டவன். படை போன இடமெல்லாம் அவனும் அண்டாவோடு போயிருக்கிறான். பஸ்ராவில் பேரீச்சம்பழம் விற்கிறவன் எப்படிக் கூவுவான், எகிப்தில் எந்த நேரத்துக்குக் கடை திறப்பார்கள் என்று கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு சொல்வான். தேவசுந்தரி கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கேட்பாள். அவள் அரக்கோணம் தாண்டிப் போனதில்லை.

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்துக் கோதுமையும் மக்காச்சோளமும் போட்டார்கள். திருத்தணிச் சனங்களுக்குக் கோதுமையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சிலர் முழுசாக வேகவைத்துத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் கோழிக்கு இறைத்தார்கள். தேவசுந்தரிக்கு மட்டும் அந்த மூட்டையைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. இவர் சொல்கிற ஊர்களில் இதைத்தானே தின்கிறார்கள்?

"ஏங்க, மொதல்ல எந்த ஊர்லங்க நல்லா சாப்ட்டீங்க?" என்று கேட்டாள்.

"தமஸ்குல."

"பிரசங்கத்துல வர்ற தமஸ்குவா?"

"அதேதான். அங்க கொண்டக்கடலைய வேகவச்சு மையா அரைப்பாங்க. எள்ள தனியா அரைச்சு அதுல ஊத்துவாங்க. பூண்டு, எலுமிச்சம்பழம். மேல எண்ண. கோதும ரொட்டிய பிச்சு அதுல தொட்டு துன்றது."

அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தமஸ்கு என்றால் பைபிளில் வானத்திலிருந்து வெளிச்சம் அடித்து ஆள் கீழே விழுகிற ஊர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அங்கே அடுப்பும் அம்மியும் இருக்கும், ஒருத்தி உட்கார்ந்து கொண்டைக்கடலை அரைப்பாள் என்று தோன்றியதே இல்லை. மறுநாளே ஊறப்போட்டாள். அந்த ஊர் எண்ணெய் இங்கே ஏது? செக்கு நல்லெண்ணெயை மேலே விட்டாள்.

எதையும் இறக்குவதற்கு முன் நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. சாமிக்குப் படைத்த காலத்துப் பழக்கம். ஞானஸ்நானம் வாங்கி இரண்டு தலைமுறை ஆகியும் கையை விட்டுப் போகவில்லை. ஆவியை மோந்தே உப்பு தூக்கலா, மட்டா என்று சொல்லிவிடுவார்கள். தேவசுந்தரி அதில் கெட்டிக்காரி. எலுமிச்சை ஒரு துளி குறைகிறது என்று மூக்குச் சொல்லியது. பிழிந்தாள். அவன் முன்னால் வைத்தாள்.

"சரியா வந்துச்சா?"

தொட்டு வாயில் வைத்தான். "அப்படியேதாம்மே."

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் அன்றைக்கெல்லாம் தரையில் நடக்கவில்லை.

பக்கத்து வீட்டு எல்லம்மாள் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பிரபுதாஸுக்கு அத்தை மகள். குடும்பத்தில் பாதி ஞானஸ்நானம் வாங்கியது, பாதி வாங்கவில்லை. இவள் வாங்காத பாதி. அத்தை மகளாச்சே, கேலி பேச யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை.

"இன்னாமே இது, செவுத்துக்குப் பூசவா, துன்னவா?"

"தமஸ்கு சாப்பாடுக்கா."

எல்லம்மாள் விரலால் வழித்து நக்கினாள். முகத்தை ஒரு கோணல் கோணினாள். மறுபடி வழித்தாள். "எள்ளு போட்டவன் வெல்லம் போடாம வுட்டானே, பாவி. சரி, ஒரு கரண்டி இதுல போடு. எம் புள்ளைங்களும் தமஸ்கு பாக்கட்டும்."

அப்புறம் எகிப்து. அங்கே பெரிய பயறு ஒன்றைப் பானையில் போட்டு வாயை மூடி, சாம்பல் சூட்டிலேயே கிடக்க விடுவார்களாம். காலையில் திறந்தால் வெண்ணெயாக இருக்குமாம். தேவசுந்தரி மொச்சையை வைத்தாள். சீரகத்தைப் பொடித்துத் தூவினாள். "அப்படியேதாம்மே" என்றான்.

"ஏன் பாவா," என்று எல்லம்மாள் அத்தான் முறை வைத்து ஆரம்பித்தாள். "இதெல்லாம் உனுக்கு ஆக்கிப் போட்டவ யாரு? மூக்கும் முழியுமா இருந்தாளா?"

"மீச வச்ச கெழவன் ஆக்குனான்."

"கெழவனுக்கு ஒரு பொண்ணு இல்லாமயா பூட்டா?"

"அவளுக்கும் மீச இருந்துச்சு எல்லம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். தேவசுந்தரியும் சிரித்தாள். ஆனாலும் தொண்டையில் மீன் முள் மாதிரி அது லேசாக நின்றது. மனுஷன் அந்தச் சாப்பாட்டை நினைக்கும்போது வருகிற முகம் வெறும் சாப்பாட்டுக்கு வருகிற முகமா?

இத்தாலியில் மலையோரக் குடியானவன் வீடு ஒன்றில் மழைக்கு ஒதுங்கினார்களாம். அங்கே மக்காச்சோள மாவில் களி கிண்டினார்களாம்.

"களியா? வெள்ளக்காரங்களா?"

"நம்ம களிதாம்மே. துடுப்பு கூட நம்மளுது மாதிரியே. ஆனா உருண்ட புடிக்கல. பலக மேல கொட்டிப் பரப்பி, நூல இப்படி ரெண்டு கையிலயும் இழுத்துப் புடிச்சு அறுத்தாங்க."

"நூலாலயா!"

அன்றைக்கு மக்காச்சோளக் களி கிண்டி, முறத்தின் முதுகில் வாழை இலை போட்டுக் கொட்டி, தையல் நூலால் அறுத்துப் பார்த்தாள். கத்தி வைத்தால் ஒட்டும். நூல் ஒட்டவில்லை. துண்டு துண்டாக, சோப்புக்கட்டி மாதிரி வந்தது. இவ்வளவு காலம் களி தின்கிற ஊரில் பிறந்தும் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று அவள் முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஜம்புலிங்கத்தின் பேச்சு வந்தது.

ஜம்புலிங்கம் வேர்க்கடலை வியாபாரி. அவருடைய கிடங்கில்தான் தேவசுந்தரி கடலை உடைக்கப் போனாள். எல்லோரும் அவரை நைனா என்றே கூப்பிடுவார்கள். சாப்பாட்டு ராமன். மெட்ராஸ் போனால் வியாபாரத்தை அரை நாளில் முடித்துவிட்டு மீதி நாளை ஓட்டல்களுக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர். கனகம்மாசத்திரத்தில், திருப்பதி ரோட்டு ஓரத்தில் ஒரு மிலிட்டரி ஓட்டல் போடப் போகிறார். கறியும் மீனும் போடுகிற கடைக்கு அப்போது அதுதான் பேர். திருத்தணியில், மலைக்கோயிலுக்கு இவ்வளவு கிட்டத்தில் கறிக்கடை போட அவருக்கே மனசு வராது. சத்திரம் என்றால் தள்ளி இருக்கிறது. லாரிகள் நிற்கின்றன. ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருந்து காவடி எடுத்தவர்கள், திரும்பும்போது கறிக்குத்தான் அலைவார்கள்.

"உங்க ஆளு பட்டாளத்துல சமையல்தானேம்மா?" என்று கிடங்கு வாசலில் நின்று கேட்டார். "வர்ற சனிக்கெழம சத்திரத்துக்கு வரச் சொல்லு. ஒரு கறி, ஒரு சீமப் பண்டம். என் நாக்குக்குப் புடிச்சா அடுப்பு அவனுது."

தேவசுந்தரி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். இந்த வேலையை விட்டால் பிரபுதாஸுக்கு வேறு வேலை இல்லை. நிலம் இல்லை. பட்டாளத்தில் இருந்தபோது மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து தலையில் அடிபட்டதிலிருந்து சுமை தூக்க முடியாது. ஒருதரம் கிடங்கில் மூட்டையைத் தலையில் ஏற்றி, படி இறங்கும்போதே கண் இருட்டி மூட்டையோடு உருண்டான். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அவள் உடைக்கிற கடலையில் இரண்டு வயிறு எத்தனை நாள் ஓடும்?

அவள் சொன்னதைக் கேட்டுப் பிரபுதாஸ் சந்தோஷப்படவில்லை. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். வந்த நாளிலிருந்து அடுப்புப் பக்கம் போகாதவன் அவன். பட்டாளத்தில் சமைத்துச் சமைத்து அலுத்துப்போச்சு என்பான். அலுப்பா, பயமா? இங்கே கிடைக்கிற சாமானில் அந்த ஊர்ப் பண்டம் வருமா என்று யோசிக்கிறாரோ? செய்து காட்டிவிட்டால் தைரியம் வரும் என்று முடிவு செய்தாள் தேவசுந்தரி.

மறுநாள் கல் ஏந்திரத்தில் கோதுமையைப் போட்டு அரைக்க உட்கார்ந்தாள். அவன் வாசலில் புளிச்சை நார் திரித்துக்கொண்டிருந்தான்.

"இத்தாலில கடேசியா சாப்ட்டீங்களே, மக்கரோனி. அது எப்படிங்க?"

நார் திரிக்கிற கை நின்றது. "மாவுல முட்டைய ஊத்திப் பெசையணும். அப்பளமாட்டம் தேச்சு, நாடா நாடாவா அறுத்துக் காயவைக்கணும். உப்புத் தண்ணில வேகவச்சு வடிச்சுட்டு, மேல சூகோ ஊத்தணும்."

ஏந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எம்மாம் ஊத்தணும்?"

"நெறைய. அதுதாம்மே அதுக்கு உசுரே."

சுக்கு. அவளுக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. பனி கொட்டுகிற தேசம். சனங்களுக்குச் சளி பிடிக்கும், நெஞ்சு கட்டும். சுக்கு சேர்க்காமல் எப்படி? நியாயமாகத்தான் இருந்தது. கடைத்தெருவுக்குப் போய் இரண்டு கை சுக்கு கேட்டாள். கடைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே, "வீட்ல யாருக்கும்மா பிரசவம்?" என்றார்.

நாடாக்களைத் துணிக்கொடியில் தொங்கப் போட்டாள். வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. மலைக்கோயில் உச்சிகால மணி கேட்டது. எல்லம்மாள் கொடியைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"இன்னாமே, பாவாட நாடாவ எல்லாம் உருவித் தொவச்சுப் போட்டுட்டியா?"

"மக்கரோனிக்கா. துன்றது."

"நாடாவயா? நாளைக்கு என்னாத்த, ரவிக்கையக் கொழம்பு வைப்பியா?"

சுக்கை வறுத்து இடித்து, வெங்காயம் வதக்கி, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தாள். வீடு முழுக்க நெடி ஏறியது. மூக்கு என்னவோ சொல்லத்தான் செய்தது. ஆனால் எந்தத் தேசத்துப் பண்டத்துக்கு எந்த வாசனை என்று இந்தத் தெரு மூக்குக்கு என்ன தெரியும்? அதை அடக்கினாள். நாடாவை வடித்துத் தட்டில் போட்டு, உசுரே அதுதான் என்றதால் தாராளமாக ஊற்றினாள்.

பிரபுதாஸ் ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய் வைத்தான். நாடாக்களை விரலில் சுற்றி எடுக்கும்போது முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது.

"சரியா வந்துச்சா?"

"அப்படியேதாம்மே. இன்னும் கொஞ்சம் போடு."

அவனுக்கு இரண்டாம் தட்டுப் போட்டுவிட்டு, அவளும் எல்லம்மாளும் தின்ன உட்கார்ந்தார்கள். முதல் வாய் உள்ளே போனதும் தேவசுந்தரிக்குக் கண்ணில் நீர் பொங்கியது. எல்லம்மாள் துப்பிவிட்டுத் தண்ணீர்ச் செம்புக்குப் பாய்ந்தாள்.

"அடிப் பாவி! இது சாப்பாடா? புள்ள பெத்தவளுக்குக் குடுக்கிற காயம்! இத துன்னுட்டு அந்த ஊர்ல எவன்தான் சண்டைக்கு வருவான்?"

தேவசுந்தரி மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அந்த ஊர் சனங்க எப்படிங்க இம்மாம் சுக்கத் துன்றாங்க?"

"எந்தச் சுக்கு?"

"இதுல போட்டதுதான். நீங்கதான சொன்னீங்க, மேல சுக்கு ஊத்தணும், அதுதான் உசுருன்னு."

பிரபுதாஸ் தட்டைப் பார்த்தான். "சூகோ," என்றான் மெதுவாக. "சூ-கோ. தக்காளிப் பழத்த வதக்கிக் கொதிக்க வைக்கிற கொழம்புமே. சுக்கு இல்ல."

எல்லம்மாள் தரையில் கையை அடித்துக்கொண்டு சிரித்தாள். தேவசுந்தரிக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. சூகோ, சுக்கு, சூகோ என்று சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் உருண்டார்கள். எல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைத் தெருவில் நாலு பேருக்குச் சொன்னால்தான் ஆறும் என்று எழுந்து ஓடினாள்.

தேவசுந்தரி சிரிப்போடு திரும்பினாள். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் சிரிப்பு நின்றது.

"இதுல தக்காளியே இல்லியே," என்றாள். "அப்படியே கீதுன்னு எப்படிச் சொன்னீங்க?"

அவன் தட்டில் கிடந்த நாடா ஒன்றை விரலில் சுற்றி, அவிழ்த்தான்.

"வாய் எரியலியா உங்களுக்கு?"

"எரிஞ்சுது. நம்ம ஊர் வழக்கத்துக்கு மொளகா போட்டுட்டியோன்னு நெனச்சேன்."

"அப்ப கொண்டக்கடல?"

"உப்பு தெரிஞ்சுது. புளிப்பு தெரிஞ்சுது."

"மொச்ச?"

"மெத்துனு இருந்துச்சு."

"வாசன?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். கை கழுவினான். துண்டில் துடைத்து, துண்டை மடித்து, மடித்ததை மறுபடி பிரித்தான்.

"லாரி கவுந்து ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சேன்," என்றான். "மருந்து நெடியே இல்ல. நல்ல சுத்தமான ஆஸ்பத்திரி போலன்னு நெனச்சுகினேன். டீ குடுத்தாங்க, சுடுதண்ணியாட்டம் இருந்துச்சு. பக்கத்துக் கட்டில்காரன் காலு அழுகிப் போயி எல்லாரும் மூக்கப் பொத்திகினு போறாங்க. நான் அவனாண்ட உக்காந்து பேசிகினு கீறேன். அப்பத்தான் தெரிஞ்சுது. டாக்டரு, மோப்பம் வந்தாலும் வரும்னாரு. வரல."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"சமையக்காரன் இத எப்படிமே சொல்லுவான்? நீ வேற அம்மாம் ஆசையா கேட்டுக் கேட்டுச் செஞ்ச. இல்லன்னு சொல்ல வாய் வரல." துண்டைத் தோளில் போட்டான். "அந்தக் குடியானவன் வீட்டுல மக்கரோனிக்குத் தக்காளி கொதிச்சுகினு இருந்துச்சு. பூண்டு வாசன, மழ வாசன, வெறகு வாசன. மறுநாள் லாரி கவுந்துச்சு. அதோட சரி. நீ கேக்கும்போது, நான் சொல்லச் சொல்ல, கொஞ்சம் வர்ற மாதிரி கீது. சொல்லி முடிச்சா பூடுது."

அந்த முகம் எதற்கு வந்தது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. மீசை வைத்த பெண்ணும் இல்லை, வைக்காத பெண்ணும் இல்லை. அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அழுகைக்கு முன்னால் அவளுடைய குணம் முந்திக்கொண்டது.

"கண்ண மூடுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"மூடுங்கன்னா."

கருவாட்டை எடுத்து அவன் மூக்கின் கீழ் பிடித்தாள். "இது?"

"ஒண்ணும் இல்ல."

மல்லிகை. ஒன்றும் இல்லை. மண்ணெண்ணெய்த் துணி. ஒன்றும் இல்லை. எல்லம்மாள் வீட்டிலிருந்து சின்னக் கட்டிக் கற்பூரம் வாங்கி வந்து பிடித்தாள்.

"ஜில்லுனு கீது. கற்பூரமா?"

"ஆங்! அப்ப இது தெரியுதே!"

"வாசன தெரியல. ஜில்லுனு மட்டுந்தான் தெரியுது."

வெங்காயம் கண்ணைக் கரித்தது, மூக்குக்குத் தெரியவில்லை. மனுஷ மூக்குக்குள்ளே இத்தனை அறைகளா, எந்த அறையில் விளக்கு அணைந்து போனது என்று அவள் வீட்டிலுள்ள டப்பாக்களை எல்லாம் திறந்து திறந்து பார்த்தாள். கடைசியில் அவனே சிரித்துவிட்டான். வந்ததிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"நைனாகிட்ட வாயத் தொறக்காத," என்றான் அப்புறம். "மோப்பம் இல்லாதவனுக்கு எவன் அடுப்பக் குடுப்பான்?"

"நான் கூட வர்றேன். அரைக்க வந்தவளுன்னு சொல்லுங்க. பச்ச வாசன போனதும் இருமறேன். நீங்க எறக்குங்க."

சனிக்கிழமை கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி, கரித்தூளெல்லாம் சட்டையில் அப்பிக்கொள்ளக் கனகம்மாசத்திரம் போய் இறங்கினார்கள். கூரை போட்டு முடிந்திருந்தது. தேசப்பன் என்ற மேஸ்திரி உள்ளே அடுப்பு மேடைக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே மூன்று கல் கூட்டி அடுப்பு. ஜம்புலிங்கம் கயிற்றுக் கட்டிலில் மேல்துண்டை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முந்தின நாள் மழை பெய்து விறகு ஈரம். மசாலாவை எண்ணெயில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே புகை எழும்பித் தேவசுந்தரியின் தொண்டையை அடைத்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. இருமிவிட்டாள். பிரபுதாஸ் சட்டென்று சட்டியை இறக்கினான்.

"இது பொக இருமல்ங்க!" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுபடி ஏற்றினான். மறுபடி இருமினாள். மறுபடி இறக்கினான்.

"ஏம்பா, எறக்கற, ஏத்தற," என்றார் ஜம்புலிங்கம். "சட்டியா, சாமி பல்லக்கா? அந்தம்மாவுக்கு வேற காசமா?"

எப்படியோ கறி இறங்கியது. அடுத்தது மக்கரோனி. பிரபுதாஸ் மாவைத் தேய்த்து அறுக்கத் தொடங்கினான். கத்தி பலகையில் படுகிற சத்தம் சீராக வந்தது. இந்தக் கை எப்படித் தன்னிடமிருந்து இத்தனை நாள் ஒளிந்திருந்தது என்று தேவசுந்தரி அதையே பார்த்தாள். ஒவ்வொரு நாடாவும் ஒரே அகலம். சட்டியில் எண்ணெய் விட்டுப் பூண்டைப் போட்டான்.

"தண்ணி இல்லியேம்மா," என்றார் ஜம்புலிங்கம். "கெணத்துல போயி ஒரு கொடம் எடுத்தா."

போக மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? குடத்தை எடுத்தாள். கிணறு ரோட்டுக்கு அந்தாண்டை, பழைய சத்திரக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. வாளி தண்ணீரைத் தொட்டு, பாதி மேலே வந்தபோது அந்த வாசனை வந்தது. பூண்டு சிவக்கிற வாசனை. அடுத்த மூச்சில் அது கசப்புக்குத் திரும்பியது. கயிற்றை விட்டாள். வாளி கிணற்றுக்குள் விழுகிற சத்தம் கேட்கும்போது அவள் ரோட்டில் இருந்தாள். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்து எதையோ சொல்லித் திட்டினான்.

பிரபுதாஸ் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாடா அறுத்துக்கொண்டிருந்தான். சட்டியில் பூண்டு கரியாகிக் கிடந்தது. ஜம்புலிங்கம் கட்டிலை விட்டு எழுந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் சட்டியைப் பார்க்கவில்லை. பிரபுதாஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவசுந்தரிக்கு மூச்சு வாங்கியது. "என்மேலதான் நைனா தப்பு. பாத்துக்கறேன்னு சொல்லிட்டு, மறந்துட்டுப் பூட்டேன்."

பிரபுதாஸ் திரும்பிச் சட்டியைப் பார்த்தான். கத்தியைக் கீழே வைத்தான்.

"அவ அப்படி ஒண்ணும் சொல்லல நைனா. எனுக்கு வாசன தெரியாது."

"ஜலதோசமா?"

"இல்ல. சண்டையில தலையில அடிபட்டுப் பூடுச்சு. கெட்டது, நல்லது, ஒண்ணும் தெரியாது."

ஜம்புலிங்கம் இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. கோபப்பட வேண்டிய இடத்தில் அவருக்கு ஆவல் வந்துவிட்டது. "கருவாடு?"

"தெரியாது."

"சாக்கட?"

"தெரியாது."

"அட ராமா! என் வீட்டுக்காரி வைக்கிற கொழம்புக்கு நானுல்ல சண்டைக்குப் போயிருக்கணும்!" என்றார். உள்ளே மேஸ்திரி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஜம்புலிங்கம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கரிந்த சட்டியைக் காலால் லேசாகத் தள்ளினார். "ஆனா, இது அடுப்பாச்சேப்பா. நாலு பேரு வாயில போடறது."

பிரபுதாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜம்புலிங்கம் தேவசுந்தரி பக்கம் திரும்பினார். "கெணறு எங்கயோ கீது. இது கரியறது உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"வாசன வந்துச்சு நைனா."

"அங்கயா?" ரோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அப்ப நீயே ஆக்கேன். இவரு எல போட்டுப் பரிமாறட்டும். ரெண்டு பேருக்கும் சோறாச்சு."

இதைவிட நல்ல பேச்சு அவளுக்கு யாரும் பேசியதில்லை. ஆனாலும் பலகையில் கிடந்த நாடாக்களை அவள் பார்த்தாள். அவன் அவற்றின் மேல் மாவைத் தூவிக்கொண்டிருந்தான், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க. இனி அதை யார் தின்னப்போகிறார்கள் என்று தெரியாமலே தூவிக்கொண்டிருந்தான்.

"என்னத் தனியா வுட்டா இதுக்குச் சுக்கு அரைச்சு ஊத்துவேன் நைனா," என்றாள். "ஊத்தியும் கீறேன், வேணும்னா எங்க தெருவுல கேளுங்க. செய்யத் தெரிஞ்சவரு அவருதான். நான் மோந்து சொல்றேன்."

"ஒரு அடுப்புக்கு ரெண்டு சமையக்காரனா?"

"ஒரு மூஞ்சிதான நைனா. கண்ணு ஒரு எடத்துல, மூக்கு ஒரு எடத்துலதான கீது."

"பேசறா பாரு," என்றார் ஜம்புலிங்கம். கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தார். "பசிக்குது. மறுபடி ஏத்துங்க. துன்னுட்டுச் சொல்றேன்."

சட்டியைத் தேய்த்து, புது எண்ணெய் விட்டு, புதுப் பூண்டு போட்டார்கள். பிரபுதாஸ் கரண்டியோடு நின்றான். இருமலுக்குக் காத்திருந்தது போதும் என்று நினைத்தானோ என்னவோ, ஊருக்கே கேட்கும்படி கேட்டான்.

"சுந்தரி, எப்படி கீது?"

"இன்னும் பச்ச."

"இப்ப?"

"இருங்க. இனிப்பு தட்டுது."

"இனிப்புன்னா? எந்த மாதிரி?"

அவள் யோசித்தாள். "அடுப்புல முந்திரிக்கொட்ட போட்டா, தோலு வெடிக்கறதுக்கு முன்னாடி வருமே, அந்த மாதிரி."

"ஆங்," என்றான். தக்காளியை அள்ளிக்கொண்டு காத்திருந்தான்.

"கொட்டுங்க."

தக்காளி எண்ணெயில் விழுந்து சீறியது. லாரிக்காரர்கள் இரண்டு பேர் டயரில் சாய்ந்துகொண்டு இந்தப் பக்கம் மூக்கைத் தூக்கிப் பார்த்தார்கள்.

ஜம்புலிங்கம் இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாடாவை விரலால் பிடிக்கத் தெரியாமல் ஒருதரம் மார்பில் போட்டுக்கொண்டார். அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை. கறி, மக்கரோனி, மறுபடி மக்கரோனி. இலையை வழித்தார். ஏப்பம் விட்டார். பிரபுதாஸும் தேவசுந்தரியும் அடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் எழுந்தார். கை கழுவிவிட்டுக் கூரைக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

"தேசப்பா, அடுப்பு மேடைய இன்னும் ரெண்டு மொழம் நீட்டு."

"எதுக்கு நைனா? ஒரு சமையக்காரன்னுதான சொன்னீங்க?"

"ஒரு சமையக்காரன்தாண்டா," என்றார் ஜம்புலிங்கம். "நிக்கறதுக்கு ரெண்டு ஆளு எடம் வேணும்."